பெட்டிசத்திலிருந்து கருத்திட்டம் வரை

கொழும்பில் ஒரு தமிழ்ச் சங்கமோ கோயில் சபையோ அரசாங்கத்திடம் காசு கேட்பதென்றால் அன்று ஆள் வேண்டும், இன்று ஆவணம் வேண்டும். இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடலாம். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செயலாளர், பொருளாளர் என்று பதவி வகித்துக் கோப்புச் சுமந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆள் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆவணமும் நேற்று வந்ததல்ல.

ஆவணத்தின் வயதையே முதலில் பார்ப்போம். 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அதையடுத்துத் தனியார் பாடசாலைகளுக்கு அரசாங்க நன்கொடை கொடுப்பதற்கு ஒரு முறை வந்தது: பெறுபேற்றைப் பார்த்துக் காசு. வித்தியாதரிசி வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார், சித்தியடைந்த தலைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவார். அந்த நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே நன்கொடை பெறும் பள்ளிக்கூடத்துக்குக் கால் மைலுக்குள் புதிதாக ஒன்று தொடங்கினால் அதற்குக் காசு இல்லை. மிஷனரிமார் முந்திக்கொண்ட இடங்களில் சைவரும் பௌத்தரும் இந்தக் கால் மைலில் தடுக்கி விழுந்தார்கள். 1902இல் தொடங்கிய கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை போன்ற அமைப்புகள் பள்ளிக்கூடம் நடத்த இறங்கியது இந்தச் சூழலில்தான். வரவு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் சரியாக இல்லாவிட்டால் அடுத்த வருடம் காசு வராது. இன்று ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளில் ‘விளைபயன் சார்ந்த நிதியளிப்பு’ என்று ஏதோ புதுக் கண்டுபிடிப்புப் போலத் திரையில் காட்டுகிறபோது எனக்கு அந்த வித்தியாதரிசிதான் ஞாபகத்துக்கு வருவார்.

1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. பாடசாலையோடு பாடசாலை முகாமையாளர் என்ற ஆளும் போனார். கணக்கு எழுதி, படிவம் நிரப்பி, வித்தியாதரிசிக்குப் பதில் சொல்லிப் பழகிய அந்தக் கை நம்முடைய சபைகளில் அதன்பின் இல்லாமற் போயிற்று என்பது என் எண்ணம்.

அடுத்த காலம் கடிதக் காலம். 1974இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அமைச்சுகள் மேலிருந்து தீர்மானித்துவந்த சிறு வேலைகளுக்கான காசில் ஒரு பங்கைக் கீழே பிரித்து விடுவது அதன் நோக்கம். நடைமுறையில் தொகுதி அரசியல்வாதியின் சொல்லுக்குத்தான் பெறுமதி கூடியது. சனம் அதை ‘எம்.பி. காசு’ என்றே அழைத்தது. அரசாங்கங்கள் மாறியும் அந்தப் பெயர் மாறவில்லை.

எம்.பி. காசுக்கு வழி எழுத்தில் அறிவிக்கப்பட்டதில்லை. மற்ற அரச உதவிகளுக்கு வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்ப்பவர்கள் சிலர். வீரகேசரியிலும் தினகரனிலும் ‘விண்ணப்பம் கோரல்’ என்ற சிறிய பெட்டியைத் தேடி வெட்டி வைப்பவர்கள் சிலர். மற்றவர்களுக்கெல்லாம் செய்தி வாய்வழிதான். கச்சேரியில் வேலை செய்யும் மருமகன், அமைச்சில் லிகிதராக இருக்கும் ஊர்க்காரர், தேர்தலில் எம்.பி.க்கு வேலை செய்த கடை முதலாளி. இந்த மூன்றில் ஒன்று இல்லாத சங்கத்துக்குக் காசு ஒதுக்கப்பட்ட செய்தியே காசு முடிந்த பிறகுதான் காதில் விழும்.

பெட்டிசம் எழுதுவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு வகை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பிரதம லிகிதர்கள் இன்னொரு வகை. இவர்கள் காசு வாங்கமாட்டார்கள். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு, கார்பன் தாள் இரண்டு வைத்து, ஆங்கிலத்தில் அடித்துத் தருவார்கள். கடிதம் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. முதற் பந்தியில் மாண்புமிகு அவர்களின் பெருமை. இரண்டாவதில் சங்கத்தின் வயதும் அதன் ஏழ்மையும். மூன்றாவதில், ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்ற தோரணையில், கூரையோ கதிரையோ ஒலிபெருக்கியோ. எவ்வளவு காசு வேண்டும் என்று பல கடிதங்களில் இருக்கவே இராது. தொகையைச் சொல்வது மரியாதைக் குறைவு என்பதுபோல ஓர் எண்ணம்.

“தம்பி, கேக்கிறதைக் கடைசியில வை. எடுத்த எடுப்பில காசு எண்டு எழுதினா மிச்சத்தை வாசிக்க மாட்டினம்” என்பது அந்தத் தலைமுறையின் பாடம்.

அதில் கெட்டித்தனம் இருந்தது. வாசிக்கிறவர் ஓர் அரசியல்வாதி. அவருக்கு விவரம் தேவையில்லை, தன் பெயர் கல்வெட்டில் வருமா என்றுதான் பார்ப்பார். கடித ஓரத்தில் அவர் இரண்டு சொல் எழுதிச் சுருக்கொப்பம் வைத்தால் போதும், கச்சேரியில் கோப்பு நடக்கத் தொடங்கும். நடந்த கோப்பின் முடிவில் சில இடங்களில் தரமான மண்டபம் வந்தது, சில இடங்களில் திறப்பு விழாக் கல் மட்டும் வந்தது.

1983 ஜூலை இனவன்முறைக்குப் பிறகு வந்த விண்ணப்பங்கள் இந்தக் கணக்கில் சேராதவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடும் கடையும் எரிந்தவர்கள் அரசாங்கத்திடம் கேட்டது நன்கொடை அல்ல, தங்களுடைய பொருளின் பெறுமதி. சேதமான சொத்துகளையும் தொழில்களையும் கையாள அந்த வருடமே ஓர் அதிகாரசபை உருவானது. 1987இன் 29ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலாக ரெப்பியா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபையை நிறுவியது. படிவம் என்றால் என்ன என்று நம்மவர்களில் பலர் சரியாகப் படித்தது அப்போதுதான். பொருளின் பெயர், வாங்கிய திகதி, விலை, அத்தாட்சி. அத்தாட்சி கடையோடு எரிந்திருந்தது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், பக்கத்துக் கடைக்காரரின் சத்தியக் கடதாசி என்று சுற்றி வளைத்துத் தன் தையல் இயந்திரம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எதற்கும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வைக்கும் பழக்கம் வெள்ளவத்தைக் குடும்பங்களுக்கு அதற்குப் பின் வந்தது. 2018இல் இழப்பீட்டு அலுவலகத்துக்கான 34ஆம் இலக்கச் சட்டம் வந்து ரெப்பியாவின் வேலையைப் பொறுப்பேற்றது. கோப்புகளில் சில அதற்குள் கேட்டவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்துவிட்டன.

அதே எண்பதுகளில் தோட்டங்களில் இன்னொன்று நடந்தது, இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. தோட்டம் என்று இங்கே சொல்வது தேயிலைத் தோட்டத்தை அல்ல, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரே வாசலுக்குள் வரிசையாக அடைந்த குடியிருப்புகளை. 1984இல் பிரேமதாச தொடக்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில் தேசிய வீடமைப்பு அதிகாரசபை குடியிருப்போரைக் கூட்டி உட்காரவைத்து, எங்கே குழாய் வேண்டும், எங்கே கான் வெட்ட வேண்டும் என்று அவர்களையே தீர்மானிக்கச் செய்தது. பிறகு சிறு கட்டுமான வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடாமல், அந்தத் தோட்டத்து அபிவிருத்திச் சபையோடேயே ஒப்பந்தம் எழுதியது. பின்னர் வேறு நாடுகளும் எடுத்துக்கொண்ட சமூக ஒப்பந்த முறை இது. சீமெந்து எத்தனை மூட்டை, மணல் எத்தனை கியூப், மேசனுக்கு எத்தனை நாள் என்று படிக்காத பெண்கள் வாயால் சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டார். மதிப்பீடு என்பது அவ்வளவுதான். நான் கண்ட பல பட்டதாரிகளின் கருத்திட்டங்களில் இல்லாத தெளிவு அதில் இருந்தது.

எழுத்தாளர்களுக்கு வேறு வாசல். 1970இன் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய நூலக சேவைகள் சபை, இன்றைய தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, நூல் வெளியீட்டு உதவித் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. கையெழுத்துப் பிரதியை அனுப்பி, தெரிவானால் அச்சுச் செலவுக்குக் கைகொடுப்பார்கள். விண்ணப்பிப்பதில் தமிழருக்கு ஏனோ ஒரு தயக்கம். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதி வாங்கும் புரவலரின் கவரை நம்பி அச்சகக் கடனை அடைப்பதுதான் நம்முடைய பழகிய பொருளாதாரம். அதில் ஒரு சுகம் உண்டு, படிவம் இல்லை. மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே கிடப்பதுதான் அதன் விலை.

கருத்திட்டம் என்ற பொருள் சங்கங்களின் வீட்டுக்குள் வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமியோடு வந்த வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் கொழும்பில் அலுவலகம் போட்டன. ஆங்கிலம் எழுதத் தெரிந்த தமிழ் இளைஞர்களுக்குத் தட்டுப்பாடு. நோக்கம், செயற்பாடு, வெளியீடு, விளைபயன், குறிகாட்டி என்று கட்டம் கட்டமாக நிரப்பும் அட்டவணை அப்போதுதான் பலருக்கு அறிமுகம். அந்த அட்டவணையை 1969 அளவில் உருவாக்குவித்தது அமெரிக்காவின் யு.எஸ்.எயிட். 2025 ஜூலையில் அந்த நிறுவனமே இழுத்து மூடப்பட்டது. அட்டவணை மட்டும் உலகமெல்லாம் நிற்கிறது, நம்முடைய பிரதேச செயலகப் படிவத்திலும் ஒரு மூலையில் நிற்கிறது. அரச நிதியின் பக்கம் பல அமைப்புகள் திரும்பிப் பார்ப்பதற்கு வெளிநாட்டுக் காசு இப்படி வற்றியதும் ஒரு காரணம்.

இன்றைக்கு வழி எழுத்தில் இருக்கிறது, இது பெரிய மாற்றம். 1992இன் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் கச்சேரியின் பல அதிகாரங்கள் பிரதேச செயலகங்களுக்கு இறங்கிவிட்டன. கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். கோயிலும் அறநெறிப் பாடசாலையும் என்றால் பம்பலப்பிட்டி காலி வீதியிலுள்ள இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம். அறிவித்தல் இணையத்தில் வரும், முகநூலில் வரும், செயலகச் சுவரிலும் ஒட்டியிருக்கும். யாரும் பார்க்கலாம். ஆனால் முன்பு இருந்த மருமகனுக்குப் பதிலாக இப்போது ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. விண்ணப்பிக்க அதில் இருப்பவருக்கு மூன்று கிழமை, இல்லாதவருக்கு மூன்று நாள்.

வாசலைக் கண்டுபிடித்த பிறகு முதற் கேள்வி, ‘நீங்கள் யார்?’ பதிவுச் சான்றிதழ், யாப்பு, கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, இருவர் ஒப்பமிடும் வங்கிக் கணக்கு, கணக்காய்வு அறிக்கை. சமூக சேவை அமைப்பென்றால் 1980இன் 31ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு. நம்முடைய பழைய சங்கங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், கருத்திட்டம் எழுதும் இடத்துக்கு வருமுன்பே. முக்கால் நூற்றாண்டுப் பெருமை இருக்கும், கடந்த மூன்று வருடக் கணக்காய்வு இராது. பொருளாளர் கனடாவுக்குப் போனபோது காசோலைப் புத்தகமும் அவரோடு போயிருக்கும்.

பிறகு தாள். செயலகத்தில் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒரு முறை சொன்னது பழைய லிகிதரின் பாடத்துக்கு நேர் எதிர்: “முதல் பந்தியிலேயே எவ்வளவு, எதுக்கு, எத்தினை பேருக்கு எண்டு போடுங்கோ அண்ணை. எங்களுக்குப் பின்னுக்குப் போய்த் தேட நேரமில்லை.”

ஓர் உதாரணம். அறநெறிப் பாடசாலை ஒன்று மிருதங்கம் கேட்கிறது என்று வைப்போம். வழமையாக எழுதப்படுவது, ‘தமிழரின் தொன்மையான கலைப் பாரம்பரியத்தை வளரும் தலைமுறைக்குக் கையளிக்கும் உன்னத நோக்குடன்...’ இதை வாசித்து யாரும் காசு கொடுத்ததில்லை, கொடுத்தால் அது வேறு காரணத்துக்காக. இப்படி எழுதலாம்: வகுப்பில் 12 பிள்ளைகள், வாத்தியம் 2. ஒரு மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 10 நிமிடம் வாசிக்கக் கிடைக்கிறது. இன்னும் 4 வாங்கினால் அது 30 நிமிடமாகும். மூன்று கடைகளின் விலைமனு இணைப்பில் உண்டு. தோல் மாற்றும் செலவைப் பெற்றோர் சங்கம் ஏற்கும். வாத்தியங்கள் எந்த அலுமாரியில் இருக்கும், திறப்பு யாரிடம். இவ்வளவும் அரைப் பக்கம். உத்தியோகத்தர் தன் மேலதிகாரிக்குச் சொல்லக் காரணம் கிடைத்துவிடுகிறது, கணக்காய்வாளர் வந்தால் எண்ணிப் பார்க்கவும் பொருள் இருக்கிறது. தோல் மாற்றும் செலவை ஏற்பதில் சங்கத்தின் சொந்தப் பங்கும் தெரிகிறது. கடைசியில் சொன்ன திறப்பு விஷயத்தைச் சிரித்துத் தள்ளவேண்டாம். போன முறை கொடுத்த ஒலிபெருக்கி எந்த வீட்டுக் கல்யாணத்தில் பாடுகிறது என்பது அந்த அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும்.

கட்டட வேலையென்றால் செயலகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு போட வேண்டும். அவருக்குப் பல வட்டாரங்கள். காத்திருக்க வேண்டும். காசு பெரும்பாலும் வேலை முடிந்தபின் பட்டியலுக்கு எதிராகத்தான் வரும் என்பதால் கையில் முதல் இல்லாத சிறு சங்கம் தோற்றுப்போகிறது, அல்லது கமிட்டியில் வசதியான ஒருவரிடம் கைமாற்று வாங்குகிறது. ஆள் இன்னும் போய்விடவில்லை என்று தொடக்கத்தில் சொன்னதில் ஒரு பங்கு இதுதான்.

மொழி. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. கொழும்பும் திம்பிரிகஸ்யாயவும் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் விண்ணப்பிக்க நமக்கு உரிமை உண்டு, படிவமும் தமிழில் உண்டு. ஆனால் விண்ணப்பத்தை மதிப்பிடும் கூட்டம் சிங்களத்தில் நடக்கிறது. தமிழ் விண்ணப்பத்தை யாரோ ஒருவர் வாயால் சுருக்கிச் சொல்ல, மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தச் சுருக்கம் எப்படி அமையும் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. ஆகவே தமிழில் முழுதாக எழுதி, மேலே ஒரு பக்கம் சிங்களத்தில் சாரம் வைப்பதே என் யோசனை. உரிமையை விட்டுக்கொடுப்பது என்று கோபிப்பவர்கள் உண்டு. கோபம் நியாயம்தான், பிள்ளைகளுக்கு மிருதங்கமும் வேண்டும். இன்னொரு சின்னத் தலையிடி: பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் அங்கே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யுனிகோட் வந்து இத்தனை காலமாகியும் கொமியூனிகேஷன் கடைகளில் பாமினிதான் அரசு. பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. பழைய லிகிதர் ஐயாவின் இடத்தில் ஒரு செயலி. ஆங்கிலம் பிழையில்லை, பந்தி பந்தியாக அழகு. ஆனால் கொட்டாஞ்சேனைச் சங்கத்தின் கருத்திட்டமும் மன்னார்ச் சங்கத்தின் கருத்திட்டமும் ஒரே குரலில் ‘நிலைபேறான வலுவூட்டல்’ என்று பேசுகின்றன. ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ போய், அதே வெறுமை வேறு உடுப்பில் திரும்பியிருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைக்கு இரண்டு மிருதங்கம் என்று அந்தச் செயலிக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்.

உண்மையிலேயே புதியதென்று நான் கருதுவது 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. போன வருடம் இந்த நிதியில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன அளவுகோலில் தெரிவு செய்தீர்கள் என்று எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எம்.பி. காசுக் காலத்தில் இப்படிக் கேட்டிருந்தால் கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள். நிராகரிக்கப்பட்ட சங்கங்கள் இதைச் சண்டைக்குப் பயன்படுத்துகின்றன. சண்டையும் தேவைதான். ஆனால் எழுதுவதற்கு முன்பே கேட்டால் இன்னும் பிரயோசனம். எந்த அளவு தொகைக்கு அனுமதி கிடைக்கிறது, எந்த வகை வேலைக்குக் கிடைக்கிறது என்று அந்தப் பட்டியலே சொல்லும். ஐந்து லட்சம் கொடுக்கும் இடத்தில் ஐம்பது லட்சம் கேட்டுக் கோப்பை நிறைக்கத் தேவையில்லை.

மாறாதது காலக்கணக்கு. டிசம்பர் 31இல் செலவிடாத ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிவிடும். வருடத்தின் முற்பாதி முழுக்க ‘இன்னும் சுற்றறிக்கை வரவில்லை’ என்பார்கள், கார்த்திகையில் தொலைபேசி எடுத்து ‘நாளைக்கே பட்டியல் தாருங்கள்’ என்பார்கள். தேவையே இல்லாத பிளாஸ்டிக் கதிரைகள் பல சங்கங்களுக்கு வந்து சேர்ந்தது இந்தக் கடைசி மாத அவசரத்தில்தான். அடுத்த வருடத்துக்கான மதிப்பீடுகளைத் திணைக்களங்கள் நடு வருடத்தை ஒட்டித் தயாரிக்கத் தொடங்குகின்றன, வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வாசிக்கப்படும். அறிவித்தல் வந்தபின் எழுத உட்காருபவர் ஏற்கெனவே பிந்தியவர். ஆடி மாதமே செயலகத்துக்குப் போய், ஒரு தாளில் தேவையைக் கொடுத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்து அளப்பித்து வைத்திருக்கும் சங்கத்தின் பெயர்தான் கார்த்திகையில் அவர்களுக்கு ஞாபகம் வரும். விலைமனுவை மட்டும் தையில் திரும்ப எடுக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஒரே வருடத்தில் ஏறத்தாழ 70 வீதம் ஏறியதைப் பார்த்த கடைக்காரர்கள், இப்போதும் விலைமனுவின் அடியில் ‘14 நாட்களுக்கு மட்டும்’ என்று எழுதித்தான் தருகிறார்கள்.